போன பதினொரு பெயர்களும் நான் இப்போது எழுதும் முறையும்

பெரியப்பா சொன்னதை எழுதி முடிக்க எனக்கு இரவு ஏழரையிலிருந்து பத்தே முக்கால் வரை பிடித்தது. முழுவதையும் ஃபோனில்தான் ரைப் பண்ணினேன். வட இலங்கையின் வன்னிக் கிராமங்களின் நினைவுகளைச் சேர்த்துத் தொகுப்பாக்கப் போகிறோம் என்று ஓர் அமைப்பு இணையத்தில் படிவம் ஒன்று வைத்திருந்தது. பெயர், ஊர், வயது எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு பெரிய பெட்டி: உங்கள் நினைவை இங்கே எழுதுங்கள். நானும் அங்கேயே எழுதினேன்.

எழுதி முடித்ததும் தொடக்கத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்க நினைத்துத் திரையை விரலால் கீழே இழுத்தேன். மேல் நுனிக்கு வந்த பிறகும் விரல் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டது. சிறிய வட்டம் ஒன்று சுழன்றது. பக்கம் புதிதாக ஏறியது. பெட்டி வெறுமையாக இருந்தது.

பின்னே போகும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், முன்னே போய்ப் பார்த்தேன், ஃபோனை நிறுத்திப் போட்டும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஐப்பசி மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கதிரையில் இருந்துவிட்டு விளக்கை நிறுத்தினேன்.

அதில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் நான் ஏன் இதையெல்லாம் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன் என்பது புரியும். எங்கள் ஊர் ஒட்டுசுட்டானுக்கும் முள்ளியவளைக்கும் நடுவில், பிரதான வீதியிலிருந்து உள்ளே. ஊருக்கு ஒரு சின்னக் குளம். 1964 மார்கழியில் வந்த புயல், தனுஷ்கோடியை அழித்த அதே புயல்தான், எங்கள் பக்கத்தையும் விடவில்லை. அன்று இரவு துருசுக்கு, அதாவது குளத்து நீரைத் திறந்துவிடும் மதகுக்குப் பக்கத்தில் குளக்கட்டு கசியத் தொடங்கியது. ஊர் ஆண்கள் போய்ச் சாக்கில் மண் நிரப்பியும் மரக்கொப்புகளை வெட்டிப் போட்டும் விடியும்வரை கட்டைக் காத்தார்கள். பெரியப்பாவுக்கு அப்போது இருபது வயது. யார் யார் எந்த இடத்தில் நின்றார்கள் என்று துருசிலிருந்து, குளத்தில் மிஞ்சும் நீர் வழிந்தோடும் வான் வரைக்கும் வரிசையாகச் சொன்னார். பதினொரு பெயர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன விவரம் இருந்தது: ஒருவர் காய்ச்சலோடு வந்தவர், ஒருவரிடம் மட்டும் டோர்ச் லைட் இருந்தது, ஒருவர் தன் கூரையைப் பிரித்துக் கிடுகு கொண்டுவந்தவர். நான் கேட்கக் கேட்கக் கொப்பியில் எழுதவில்லை. மனத்தில் வாங்கிக்கொண்டு வந்து, அன்றிரவே அந்தப் பெட்டிக்குள் ஊற்றிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் போனேன்.

“என்ன பிள்ளை, அண்டைக்குச் சொன்னனான்தானே?”

“சொன்னனீங்கள் பெரியப்பா. நான் எழுதினது அழிஞ்சுபோச்சு. இன்னொருக்கால் சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். மனம் கோணாமல்தான் சொன்னார். ஆனால் இம்முறை எட்டுப் பெயர்கள்தான் வந்தன. வரிசையும் மாறியிருந்தது. டோர்ச் லைட் வைத்திருந்தவர் யார் என்று கேட்டேன். “ஆரோ ஒராள்” என்றார். எண்பது வயது மனிதரின் நினைவை நான் குறை சொல்லவில்லை. ஒரு நல்ல பின்னேரத்தில், ஒன்றைத் தொட்டு இன்னொன்றாக, தானாகத் திறந்துவரும் கதை வேறு. கேட்பதற்காகத் திரும்பச் சொல்வது வேறு. முதல் நாள் வந்தது அந்த ஒரு நாளுக்கு மட்டும் வந்தது. அந்த மூன்று பெயர்கள் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பதினொரு பேரில் இப்போது உயிரோடு இருப்பவர் பெரியப்பா ஒருவர்தான்.

அதன் பிறகுதான் எழுதும் முறையை மாற்றினேன். இரண்டு வருடமாக அதே முறையில் எழுதுகிறேன். அது கைக்கு முழுதாகப் பழகிய பிறகு ஒரு பந்திகூடப் போகவில்லை.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் என் மருமகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அண்ணாவின் மகன். அவனிடம்தான் முதலில் கேட்டேன்: நான் எழுதினது எங்கே போனது? அவன் சொன்ன விளக்கம் எனக்கு நன்றாகப் பிடித்தது. “மாமி, அது எங்கயும் போகேல்லை. எங்கயும் இருக்கவே இல்லை.” இணையப் பக்கத்தில் இருக்கும் எழுதும் பெட்டிக்குள் நாம் ரைப் பண்ணுவது, அனுப்பு என்ற பொத்தானை அழுத்தும்வரை எங்கும் சேமிக்கப்படுவதில்லை. எங்கள் ஃபோனின் தற்காலிக நினைவகத்தில், திறந்திருக்கும் அந்தப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கிறது. பக்கம் போனால் அதுவும் போகும். சில தளங்கள் இடையிடையே வரைவாகச் சேமித்து வைக்கும். ஆனால் எந்தத் தளம் சேமிக்கும், எது சேமிக்காது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எதுவுமே சேமிக்காது என்று எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

பக்கம் எப்படியெல்லாம் போகும் என்று அவனோடு இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேல் நுனியில் நின்று கீழே இழுத்தால் புதிதாக ஏறுவது எனக்கு நடந்தது. ஆண்ட்ராய்டு ஃபோனில் குரோம் இப்படித்தான் வேலை செய்யும். இரண்டாவது, ஃபோனின் நினைவகம் குறைவாக இருப்பது. எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லைச் சரிபார்க்க வாட்ஸ்அப்புக்குள் போகிறோம், பிறகு கமராவைத் திறக்கிறோம், ஒரு அழைப்பு வருகிறது. ஃபோன் இடம் போதாமல் பின்னால் கிடக்கும் உலாவிப் பக்கத்தைக் கைவிட்டுவிடும். திரும்பி வரும்போது பக்கம் அதே பக்கம்போலத்தான் தெரியும். ஆனால் அது புதிதாக ஏறிய பக்கம். பெட்டிக்குள் ஒன்றும் இராது. எங்கள் ஊரில் நிறையப் பேர் வைத்திருப்பது இரண்டு, மூன்று ஜிபி நினைவகம் உள்ள பழைய ஃபோன்கள். அவற்றில் இது அடிக்கடி நடக்கும்.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. உள்நுழைந்து எழுதும் தளங்களில், நாம் யார் என்ற அடையாளத்தை அந்தத் தளத்தின் கணினி ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் நினைவில் வைத்திருக்கும். நாம் இரண்டு மணித்தியாலமாக ஒரே பெட்டிக்குள் எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த நேரம் முழுவதும் தூரத்தில் இருக்கும் அந்தக் கணினியோடு எங்களுக்கு ஒரு தொடர்பும் இருந்திருக்காது. அதன் கணக்கில் நாம் எழும்பிப் போய்விட்டோம். அனுப்பு என்று அழுத்தியதும், நீங்கள் யார், திரும்பவும் உள்நுழையுங்கள் என்று வேறு பக்கத்தைக் காட்டும். எழுதியது வழியில் விழுந்துவிடும். நீண்ட எழுத்துக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். இரண்டு வரி எழுதுபவருக்கு இது ஒருநாளும் நடக்காது. மூன்று மணித்தியாலம் இருந்து எழுதுபவருக்குத்தான் நடக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் எரியும்.

நான்காவது கவரேஜ். பிரதான வீதியில் நான்கு கோடு இருக்கும், எங்கள் வீட்டுக்குள் ஒரு கோடு. மழை நாளில் அதுவும் வந்து வந்து போகும். அனுப்பும் நேரத்தில் அது விட்டுப்போனால் பிழைப் பக்கம் வரும். பின்னே போனால் எழுத்து சிலவேளை கிடைக்கும், சிலவேளை கிடைக்காது.

ஆகவே நான் வைத்துக்கொண்ட முதல் ஒழுங்கு: எழுதுவது ஓர் இடம், அனுப்புவது வேறு இடம். அனுப்பும் பெட்டிக்குள் ஒரு வரிகூட எழுதுவதில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. “விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடை வைக்கிறதில்லைத்தானே” என்றார். எங்கள் வீட்டில் எவ்வளவு பஞ்சமான வருடத்திலும் காலபோகத்துக்கான விதைநெல் மூட்டை தனியாகத்தான் இருந்தது. அதில் கைவைப்பதில்லை.

எழுதும் இடம் எதுவாகவும் இருக்கலாம். நான் ஃபோனில் கூகுள் டாக்ஸ் செயலியில் எழுதுகிறேன். இணையம் இல்லாமலும் எழுதும்படி அந்தக் கோப்பைத் தெரிவுசெய்து வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் வைத்தால், கவரேஜ் இல்லாத நேரத்தில் பழைய கோப்பு திறக்காமல் நிற்கும். முதல் கிழமையில் எனக்கு அது நடந்தது. ஃபோனோடு வரும் குறிப்புச் செயலியும் போதும். என் தோழி ஒருவர் எல்லாவற்றையும் மின்னஞ்சல் வரைவாகவே எழுதுகிறார், அதுவும் தானாகச் சேமிக்கும். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே செய்தி அனுப்பும் வசதியைப் பாவித்துப் பந்தி பந்தியாக எழுதி அனுப்பிக்கொள்கிறார். ஒவ்வொரு பந்தியும் அனுப்பியவுடன் பத்திரமாகிவிடும். எந்தச் செயலி நல்லது என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படவில்லை. ஒவ்வொரு சொல்லும் எழுதிய உடனேயே ஃபோனுக்குள் பதியவேண்டும், இணையம் இல்லாவிட்டாலும் திறக்கவேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எதுவும் சரி.

வெட்டி ஒட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு முறை குளத்து மீன்பிடியைப் பற்றிய பந்தியைக் கீழேயிருந்து மேலே மாற்ற நினைத்து வெட்டினேன். ஒட்டுவதற்கு முன் தங்கச்சி அழைத்து ஓர் இலக்கம் கேட்டாள். அதை நகலெடுத்து அவளுக்கு அனுப்பினேன். திரும்பி வந்து ஒட்டினால் பந்தி வரவில்லை, தொலைபேசி இலக்கம்தான் வந்தது. அன்றிலிருந்து நான் எதையும் வெட்டுவதில்லை. நகலெடுப்பேன், புதிய இடத்தில் ஒட்டுவேன், ஒட்டியது முழுமையாக இருக்கிறதா என்று பார்ப்பேன், அதன் பிறகுதான் பழைய இடத்தில் அழிப்பேன். ஜிபோர்ட் விசைப்பலகையில் நகலெடுத்தவற்றின் பட்டியல் ஒன்று உண்டு. முதலில் அதை இயக்கிவிட வேண்டும். அதில் இருப்பவை ஒரு மணித்தியாலத்தில் அழிந்துவிடும், ஊசி குத்தி வைத்தவை மட்டும் நிற்கும். விண்டோஸ் கணினியிலும் இப்படி ஒன்று உண்டு. விண்டோஸ் விசையையும் வி விசையையும் சேர்த்து அழுத்தினால் கடைசி 25 நகல்கள் வரை காட்டும். அதையும் முன்பே இயக்கி வைக்க வேண்டும். கணினியை நிறுத்திப் போட்டால் பட்டியல் போய்விடும். இவை தற்செயலாகக் கைகொடுக்கும் வசதிகள். இவற்றை நம்பி எழுதக்கூடாது.

கணினியில் எழுதுபவர்களுக்குத் தமிழாலேயே வரும் சில இழப்புகள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இவை தெரியாது. ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இன்னும் பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணுபவர்கள் நிறைய. கோயில் நோட்டீஸ், பாடசாலை வினாத்தாள், திருமண அழைப்பிதழ் எல்லாம் அதில்தான் வளர்ந்தன. பாமினியில் நாம் காண்பது தமிழ். ஆனால் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதினால் உள்ளே ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்றுதான் பதிந்திருக்கும். எழுத்துரு அதற்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. அதை அப்படியே எடுத்து இணையப் படிவத்தில் ஒட்டினால் போர்வை கழன்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இதைக் கண்டு பயந்து, எழுதியது கெட்டுப்போய்விட்டது என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும். அது கெடவில்லை. பாமினியிலிருந்து, கணினிக்குள்ளும் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும், ஓரிரு எழுத்து இடம்மாறி நிற்கும். பழைய பாமினிக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள். இனி எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள்.

அடுத்தது கேள்விக்குறி. நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு பழைய கணினி, விண்டோஸ் 7. மதிய இடைவேளையில் அதில் நோட்பேடைத் திறந்து யூனிகோடில் இரண்டு பக்கம் எழுதினேன். சேமிக்கும்போது ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. வாசிக்காமல் சரி என்று அழுத்தினேன். அடுத்த நாள் திறந்தால் கோப்பு முழுவதும் கேள்விக்குறிகள். சொல் இடைவெளியும் முற்றுப்புள்ளியும் மட்டும் அந்தந்த இடத்தில் இருந்தன. பழைய நோட்பேட் தானாக ஆன்சி என்ற முறையில்தான் சேமிக்கும். அந்த முறையில் தமிழுக்கு இடமில்லை. தமிழெழுத்து ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாக்கிவிடும். இதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது, ஏனென்றால் கோப்புக்குள் இப்போது உண்மையாகவே கேள்விக்குறிதான் இருக்கிறது. சேமிக்கும் சாளரத்தின் அடியில் குறியாக்கம் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று தெரிவுசெய்திருந்தால் எழுத்து தப்பியிருக்கும். 2019 மே மாதத்துக்குப் பிந்திய விண்டோஸ் 10 இலும் அதற்குப் பிறகும் நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8 இல் சேமிக்கிறது. பழைய கணினியில் எழுதுபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கேள்விக்குறி வந்துவிட்டதைக் கண்டு உடனே கோப்பை மூடாதீர்கள். முதலில் எழுதிய சாளரம் இன்னும் திறந்திருந்தால், அதிலிருந்து நகலெடுத்துவிடலாம்.

மூன்றாவது நீளம். படிவத்தில் 5000 எழுத்துகளுக்குள் என்று போட்டிருந்தால், அது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துக் கணக்கு அல்ல. ‘குளக்கட்டு’ நமக்கு ஆறு எழுத்து. கணினி உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். அதற்கு அது பத்து. ஆகவே நாம் எதிர்பார்ப்பதற்கு முன்பே இடம் முடிந்துவிடும். இதில் பெரிய தொல்லை என்னவென்றால், சில பெட்டிகள் ஒட்டும்போது மிஞ்சிய வாலைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஒட்டியதும் நாம் தொடக்கத்தைத்தான் பார்ப்போம், தொடக்கம் சரியாக இருக்கும். ஒட்டிய பிறகு முதலில் கடைசி வரியைத்தான் பார்க்க வேண்டும். என் கட்டுரை ஒன்று இப்படித்தான் வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரார் நடந்து போகும் இடத்தில் அரைவசனத்தோடு நின்றுவிட்டது. அனுப்பி மூன்று மாதம் கழித்துத்தான் கண்டேன்.

மின்சாரத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வருடக்கணக்காகக் குப்பி விளக்கில் படித்தவர்கள் நாங்கள். ஆனாலும் கரண்ட் வந்து பழகியதும் அது இருக்கும் என்று மனம் நம்பத் தொடங்கிவிடுகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியபோது, மேசைக் கணினியில் எழுதியவர்கள் பாடு பெரும்பாடு. வேர்ட், லிப்ரே ஆஃபிஸ் இரண்டும் மீட்புப் பிரதியை இடையிடையே தாமாக எடுத்து வைக்கும். ஆனால் வழக்கமான இடைவெளி 10 நிமிடம். வேகமாக எழுத்து ஓடும் 10 நிமிடத்தில் ஒரு முழுப் பந்தி இருக்கும். அமைப்புகளில் போய் அதை 2 நிமிடமாக மாற்றினேன். அதோடு, ஒவ்வொரு பந்தி முடிவிலும் கன்ட்ரோல் விசையோடு எஸ் அழுத்துவது கைக்குப் பழகிவிட்டது. இப்போது நினைக்காமலே கை போகிறது.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் நான் பிடிவாதம். குளக்கட்டு, குளக்கட்டு புதியது, குளக்கட்டு கடைசி, குளக்கட்டு உண்மையான கடைசி என்று வைத்தால் எது எதுவென்று ஒரு கிழமையில் மறந்துவிடும். திகதியைப் பெயரில் போடுகிறேன், வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள். பெரிய மாற்றம் செய்யும் ஒவ்வொரு நாளும் பழையதை அப்படியே விட்டுப் புதிய பிரதி எடுக்கிறேன். நான் தேவையில்லை என்று தூக்கிய ஒரு வரிதான் பிறகு பெரும்பாலும் தேவைப்படுகிறது.

ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இதை நான் கணினி படித்தவர்களிடம் கற்கவில்லை. இடப்பெயர்வுக் காலம் முழுவதும் அம்மா காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி ஒரு சொப்பிங் பையில் போட்டு வாசலோரம் ஆணியில் கொழுவி வைத்திருந்தார். எழும்பினால் கை முதலில் அந்தப் பைக்குத்தான் போகும். அந்தப் பை போர் முடிந்த 2009 வரைக்கும் வந்தது, இன்றும் இருக்கிறது. அப்பா முப்பது வருடமாக எழுதிய வயல் கணக்குக் கொப்பிகள் அந்தப் பைக்குள் கொள்ளவில்லை. எந்தப் போகத்துக்கு எந்த நாள் விதைப்பு, குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எந்த வருடம் வான் பாய்ந்தது என்று அவர் எழுதாத நாள் இல்லை. அவை ஒரே ஓர் இடத்தில், வீட்டுப் பெட்டகத்துக்குள் இருந்தன. நாங்கள் மீளக்குடியேறி வந்தபோது பெட்டகமும் இல்லை, அது நின்ற அறையும் இல்லை. ஒரு கொப்பியை யாராவது யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தால் என்று அப்பா சாகும்வரை சொன்னார்.

இப்போது நான் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கிழமை எழுதியதைக் கனடாவில் இருக்கும் தங்கச்சிக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். வாசிக்க நேரமில்லாவிட்டாலும் அழிக்காதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவள் தனிக் கோப்புறையில் போட்டு வைக்கிறாள். ஃபோனில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, அவளிடம் ஒன்று. வெளியாகிய பழைய மலர்கள், நோட்டீஸ்கள், கையெழுத்துப் பிரதிகள் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளை மின்வருடி இணையத்தில் வைக்கிறது. எங்கள் பாடசாலையின் பழைய மலர் ஒன்றை வீட்டில் கண்டால், அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு நடப்பவற்றைப் பற்றியது. எனக்கு நேர்ந்த பெரிய இழப்புக்கு முந்திய பாதுகாப்பு ஒன்று இருந்திருக்கலாம். பெரியப்பா சொன்னபோதே அவருடைய குரலைப் பதிந்திருக்கலாம். பதிந்திருந்தால் பெட்டி வெறுமையானாலும் இன்னொரு இரவு இருந்து எழுதியிருப்பேன், அவ்வளவுதான்.

இப்போது கேட்கப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் அனுமதி கேட்கிறேன். பதியவா என்று கேட்டு யாரும் இதுவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. கதையின் ஒரு சில இடங்களில் மட்டும், இதைப் பதியாதே பிள்ளை என்று கைகாட்டுவார்கள், நிறுத்திவிடுவேன். போர்க்கால விஷயங்கள் வரும்போது அவர்கள் சொல்லாமலே நான் நிறுத்துவதும் உண்டு. ஃபோனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுவேன். இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும், நாம் கதையில் இருக்கும்போது அது நின்றதே தெரியாது. தொடங்கும்போது என் குரலில் திகதியையும் இடத்தையும் சொல்கிறேன். பதிவு பெரிய இடம் பிடிக்கும் என்று பயப்படுகிறார்கள். பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதும். ஒரு மணித்தியாலம் பேசினாலும் 29 மெகாபைட் அளவுதான். இரண்டு நிமிடக் கல்யாண வீடியோ அதைவிட அதிக இடம் பிடிக்கும்.

கூடவே கொப்பியும் பேனையும். பெயர்களை மட்டும் கையால் எழுதுகிறேன். பேச்சில் ‘கந்தையர்’ என்றா ‘கந்தையா’ என்றா சொன்னார் என்பது பதிவில் பலமுறை விளங்காது. எழுதிக் காட்டினால் அவர்களே திருத்துவார்கள். குரலிலிருந்து தானாக ரைப் பண்ணும் வசதியில் இலங்கைத் தமிழ் என்று தனித் தெரிவு இருக்கிறது, நானும் பாவித்துப் பார்த்தேன். செய்தி வாசிப்பதுபோல் நான் பேசினால் நன்றாக எழுதுகிறது. பெரியப்பாவின் பேச்சுக்கு அது தடுமாறுகிறது. துருசு, அலைகரை, வக்கடை என்று வரும் இடமெல்லாம் தனக்குத் தெரிந்த வேறு சொல்லைப் போட்டுவிடுகிறது. அந்தச் சொற்களுக்காகத்தான் நான் எழுதுகிறேன். ஆகவே கேட்டுக் கேட்டுக் கையால்தான் ரைப் பண்ணுகிறேன். ஒரு மணித்தியாலப் பதிவுக்கு எனக்கு நான்கு இரவு வேண்டும்.

அனுப்பும் நாளில் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதான வீதிக் கடை வாசலுக்குப் போகிறேன், கவரேஜுக்காக. பக்கத்தைப் புதிதாகத் திறந்து, அப்போதுதான் உள்நுழைகிறேன். எழுத்து முழுவதையும் தெரிவுசெய்து நகலெடுத்து ஒட்டுகிறேன். கடைசி வரியைப் பார்க்கிறேன், பிறகு முதல் வரியை. அனுப்புகிறேன். கிடைத்துவிட்டது என்ற பக்கம் வந்ததும் அந்தத் திரையைப் படமாகப் பிடித்து வைக்கிறேன். அனுப்பியாயிற்று என்று என் பிரதியை ஒருநாளும் அழிப்பதில்லை. அனுப்பிய இடம் நாளைக்கு மூடப்படலாம்.

பெரியப்பாவின் கதையை எட்டுப் பெயர்களோடுதான் கடைசியில் அனுப்பினேன். மீதி மூவருக்கும், ‘பெயர் தெரியவில்லை, குளக்கட்டில் நின்றார்’ என்று மூன்று வரி தனித்தனியாக எழுதினேன். அச்சில் அதை ஒரே வரியாக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன்.

அந்த இரவில் கட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களில் ஒருவர் இப்போது தண்ணீரூற்றில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று போன கிழமை கேள்விப்பட்டேன். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதாம், தாயோடு போனவராம். வருகிற சனிக்கிழமை போகிறேன். ஃபோனில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன், சார்ஜ் ஏற்றும் பவர் பாங்கையும் எடுத்து வைத்துவிட்டேன். கொப்பியில் எட்டுப் பெயர்களையும் துருசிலிருந்து வரிசையாக எழுதி, இடையில் மூன்று வெற்று வரி விட்டிருக்கிறேன்.